எட்டுச் சொம்பு

புதுப்பாளையத்தில் எங்கள் போர் இருநூற்றிருபது அடி.
அதற்குக் கீழே கடல் வந்து படுத்திருக்கிறது என்றார்
வீட்டுக்காரர் கலியபெருமாள்,
வாடகை வாங்க வந்த மாலையில்,
வந்து தங்கிவிட்ட சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

மோட்டார் அறைக்குப் பூட்டு அன்றைக்குத்தான் வந்தது.
சாவி அவர் அரைஞாண் கயிற்றில்.
காலை ஐந்தே முக்காலிலிருந்து பதினோரு நிமிடம்.
மாலையில் கிடையாது.
படிக்கட்டுச் சுவரில் கரியால் எழுதிவைத்தார்:
குளிக்க ஆளுக்கு எட்டுச் சொம்பு.
பிள்ளைத்தாச்சிக்குப் பத்து என்று
பிறகொரு வரி சேர்ந்தது,
எதிர் போர்ஷன் ரெஹானாவுக்காக.

ஒருநாள் தலை நிறைய ஷாம்பு,
கண் திறக்க முடியாமல் குழாயைத் தடவுகிறேன்.
காற்று மட்டும் வந்தது,
நீண்ட ஏப்பமாக.
துண்டோடு படி இறங்கிப் போய்க் கத்தினேன்,
கூட்டுறவு வங்கிக் காசாளர், நாற்பத்தொரு வயது,
காதோரம் நுரை வழிய.
கதவு திறக்கவில்லை. உள்ளிருந்து குரல்:
"தலைய மொதல்ல அலசணும் சார்.
சோப்பெல்லாம் அப்பறம்."

அதோடு பேச்சு நின்றது.
என் மனைவி மட்டும்
அரிசி களைந்த தண்ணீரில் மத்தி மீனை அலசி
அந்தத் தண்ணீரைக் குண்டானில் பிடித்து
தினமும் கீழே கொண்டுபோவாள்
அவர் முருங்கைக்கு.
குளியலறைத் தண்ணீரும் அங்கேதான் போகும்.
செங்கல் வைத்து அவரே கட்டிய வாய்க்கால்,
கொத்து வேலை தெரியாத கையின் கோணலோடு.

ஆனி மாதம், ஒரு செவ்வாய்.
ஐந்தே முக்கால் ஆனது. ஆறும் ஆனது.
திட்டிக்கொண்டேதான் இறங்கினேன்.
மோட்டார் அறை வாசலில் அஞ்சலாட்சி
உட்கார்ந்திருந்தார்,
சாவி அவர் கையில் இருந்தது.

லாரி வியாழன்தான் வரும்.
வீட்டுக்கொரு குடமாகத் தெரு கொண்டுவந்தது.
பாதிப்பேர் அவரோடு சண்டை போட்டவர்கள்.
நானும் என் நீல டிரம்மைச் சாய்த்து
ஒரு பக்கெட் இறக்கினேன்.
பெஞ்சில் கிடத்தி, அரப்பு தேய்த்து, ஊற்றினார்கள்.
மச்சான் முறைக்காரர் ஒன்பதாவது மொண்டபோது
அஞ்சலாட்சி சொன்னார், அழாமல்:
"போதும். எட்டுதான் அவரு கணக்கு.
மேல ஊத்துனா எழுந்து வந்து கத்துவாரு."

யாரோ சிரித்துவிட்டார்கள். நானாகவும் இருக்கலாம்.
அவர் காதோரம் கொஞ்சம் அரப்பு ஒட்டியிருந்தது.
விரலால் துடைத்தேன்.
தண்ணீர் கோணல் வாய்க்காலில் திரும்பி
முருங்கைக்குப் போனது.
ஆகாது என்று
செங்கல்லை நகர்த்த ஒருவரும் குனியவில்லை.

கெடிலக்கரையில் எரித்தோம்.
கெடிலத்தில் மணல்.
முப்பது பேர் தலைமுழுகத் தெருவில் தண்ணீர் ஏது?
ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து
தேவனாம்பட்டினம் போய்க் கடலில் முங்கினோம்.
உப்போடு வந்து உப்போடு படுத்தோம்.
மீந்த குடங்களை
மறுநாளே வீடு வீடாகத் திருப்பிக்கொடுத்தார் அஞ்சலாட்சி.
சாவு வீட்டுத் தண்ணீர் என்று
யாரும் கீழே ஊற்றவில்லை.

மோட்டார் இப்போது பத்து நிமிடம்தான் ஓடுகிறது.
அவர் பங்கு குறைந்துவிட்டதாம்.

ஆவணியில் முருங்கை காய்த்தது.
கதவுக்கு இரண்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்.
என் மனைவி என்னைப் பார்த்தாள்.
நான் அரிவாள்மனையை எடுத்துக் கொடுத்தேன்.
போர் தண்ணீரே கரிக்கிறது இப்போதெல்லாம்,
குழம்புக்கு உப்பு போடவில்லை.
சரியாக இருந்தது.